ஒரு துளிக்கு முன்

மூன்றாம் கை என்றார் புரோக்கர்.
ஆர்.சி. புத்தகத்தில் நான்கு பெயர் இருந்தது.
வெள்ளி நிற வேகன்ஆர்.
முன் கண்ணாடியில் மூன்று சாமி, ஒரு கட்சி.
பின் கண்ணாடியில்
முனைக்கு ஒரு நட்சத்திரம் வைத்து
முழ நீளத்தில் ‘தமிழ்ப்பாவை’.

நெல்லிக்குப்பம் சாலையில் ரியாசுதீன் கடை.
“ஸ்பாய்லர் ஒண்ணு வச்சிரலாம் மேடம்,
கைப்பிடிக்கெல்லாம் குரோம்,
சக்கரத்துக்குள்ள நீல லைட்டு,
ராத்திரி பீச் ரோட்டுல போனா
கப்பல் கரையேறிடுச்சின்னு நெனைப்பாங்க.”
எடுக்கணும் என்றேன்.
“எதை?”
“எல்லாத்தையும்.”

ஹேர் டிரையரால் சூடு காட்டி
நகத்தால் நெருடி உரித்தான் கடைப்பையன்.
கட்சியைக் கசக்கிப் போட்டான்.
சாமிகளைப் போட மனமில்லாமல்
கல்லாவின் ஓரத்தில் ஒட்டிவைத்தான்.
குரோம் பட்டை போனது.
கம்பெனிப் பெயர் போனது.
வீல் கப் மூன்று போனது,
நான்காவது எப்போதோ போயிருந்தது.

உள்ளே கடற்காற்று மென்ற இரும்பு.
உப்பு தின்றதை
உப்புத்தாள் போட்டே தேய்த்தார்கள்.
கரி நிறம் அடிக்கச் சொன்னேன், மினுக்கம் இல்லாமல்.
“காசு குடுத்துப் பழசாக்குறீங்களே.”

பிறகு ஒரே ஒரு கோடு கேட்டேன்.
முன்விளக்கின் ஓரத்தில் பிறந்து
கதவுகளின் இடுப்பில் ஓடி
பின்விளக்கில் அடங்குகிற கோடு.
மூன்று மில்லிமீட்டர்.
நனைந்த செங்கல் நிறம்.
“இன்னொண்ணு கீழ இழுத்தா ஜோடியா இருக்கும்.”
வேண்டாம்.

சிப்காட்டில் எனக்கு லேப் வேலை.
பியூரெட்டைத் திருகிவிட்டுக் காத்திருப்பது.
சொட்டு.
சொட்டு.
குடுவை நிறமில்லாமல் சுழன்றுகொண்டே இருக்கும்.
ஒரு சொட்டில் வரும்,
அடியில் வெள்ளைத் தாள் வைத்தால்தான் தெரிகிற
ரோஜா.
அங்கே கை நிற்க வேண்டும்.
அடுத்த சொட்டும் அழகுதான்,
கண்ணைப் பறிக்கும்,
கணக்குத் தப்பு.
சேர்ந்த புதிதில் நான்
மிக அழகாகச் செய்து
நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மூன்று முறை டேப்பை ஒட்டிப் பிரித்தார் ரியாசுதீன்.
நான்காம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரே இழுப்பு.
சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார்.
வந்து
குரோம் விலைப்பட்டியலை மடித்து உள்ளே வைத்தார்.

வாரம் போயிற்று, யாருக்கும் தெரியவில்லை.
“வாட்டர் வாஷா?” என்றாள் அக்கா.
“எங்க இடிச்சீங்க?” என்றார் வாட்ச்மேன்.

தை மாதம். புதுச்சேரியில் சக ஊழியர் கல்யாண வரவேற்பு.
திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்,
பதினொன்றே முக்கால், பனி, நீண்ட வரிசை.
“டிக்கியத் திறங்கம்மா.”
பாட்டில் தேடிப் பழகிய கை துழாவியது.
தாம்பூலப் பை, ஜாக்கி,
மிச்சமிருந்த உப்புத்தாள்.
டார்ச்சை அணைக்கப் போனவர் அணைக்கவில்லை.
வெளிச்சம் பின்விளக்கில் இருந்து கிளம்பி
கோட்டின் மேலேயே நடந்தது,
பின்கதவு, முன்கதவு, முன்விளக்கு.
போனபடியே திரும்பி வந்தது.
“கையால போட்டதா?”
“ஆமா சார்.”
“நம்மகிட்டயும் ஒரு ஆல்டோ கெடக்கு”
என்றார், அடுத்த லாரியைப் பார்த்துக்கொண்டு.

கிளம்பினேன். மறுபடி தட்டினார்.
“தமிழ்ப்பாவை யாரு, நீங்களா?”
இறங்கிப் பார்த்தேன்.
பின் கண்ணாடி முழுக்கப் பனி,
பழைய பசை இருந்த இடத்தில் மட்டும் பிடிக்காமல்.
நட்சத்திரங்கள் உட்பட.

அசிட்டோன் லேபில் இருக்கிறது.
பஞ்சில் நனைத்து ஒரு துடைப்பு போதும்.
எடுத்து வரவில்லை, இன்றுவரை.
பகலில் தெரியாது.
பனி நாளில்
மஞ்சக்குப்பம் சிக்னலில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள்
என்னை அந்தப் பெயரில்
படித்துக்கொள்கிறார்கள்.